வளனின் காப்பியமும் தத்துக்குக் காத்திருப்போரும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதைத் தளமாகக் கொண்டு பணியாற்றிய இத்தாலிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், 1726-இல் நிறைவேற்றிய தேம்பாவணிக்கு இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரையே பாட்டுடைத் தலைவராக்கி, அவருக்கு வளன் என்று பெயரிட்டார். 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியம், தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்று, ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்புவித்து எகிப்துக்குக் கொண்டுபோய், அயல்மண்ணில் கைத்தொழிலால் வளர்த்த ஒருவருக்கு இறுதியில் விண்ணுலகில் முடிசூட்டுகிறது. வளர்ப்புத் தந்தைமையை இத்துணை உயரத்தில் வைத்த வேறொரு தமிழ்ச் சமயக் காப்பியத்தைக் காட்டுவது அரிது.

அக்காப்பிய ஆசிரியர் வாழ்ந்த இதே நிலப்பகுதிக்குத்தான், 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2011-இல் விரிவாக்கப்பட்டது. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக, வளர்க்க இயலாத குழந்தையைப் பெற்றோர் அரசிடம் விட்டுச் செல்ல வழிசெய்யும் திட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரவருக்கு இத்தனை பெண் குழந்தைகள் என்று கணக்கிடும் விகிதம் தமிழகம் முழுவதற்கும் 943 ஆக இருக்க, அரியலூரில் அது 900-ஐக்கூட எட்டவில்லை. ஆகவே அரியலூரும் பெரம்பலூரும் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களோடு திட்டத்தில் சேர்க்கப்பட்டன. பிள்ளை வரம் கேட்டு வேளாங்கண்ணியில் கட்டப்படும் நேர்ச்சைத் தொட்டில் கையடக்கமானது, வெறுமையானது. அரசு வைத்த தொட்டிலோ, பிறந்தது பெண் என்பதற்காகவே ஒரு வீடு தாங்க மறுத்த உயிரைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டது. தத்தெடுப்பைப் பற்றிய சமயச் சிந்தனை இவ்விரு தொட்டில்களையும் ஒருங்கே கண்முன் நிறுத்தியாக வேண்டும். பெரும்பாலான மறையுரைகள் முதல் தொட்டிலோடு நின்றுவிடுகின்றன.

பவுலடியார் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய திருமுகங்களில், மனிதர் கடவுளின் பிள்ளைகளாவதைப் புத்திர சுவிகாரம், அதாவது தத்து எடுத்தல், என்னும் உருவகத்தால் விளக்குகிறார். அவர் அறிந்திருந்த உரோமைச் சட்டத்தில் தத்து என்பது பெரும்பாலும் வளர்ந்த ஆணை வாரிசாக்கிக்கொள்ளும் ஏற்பாடு. அகுஸ்து பேரரசர் திபேரியுவைத் தத்தெடுத்தது அவ்வாறே. தென்னாட்டு மரபிலும் தத்துப்புத்திரன் குலம் தொடரவும் ஈமக்கடன் தீர்க்கவும் கொள்ளப்பட்டவன். இரண்டிலும் குறை எடுப்பவரிடம் இருக்கிறது. அக்குறையை நிரப்பவே பிள்ளை வருகிறது. பவுலின் உருவகமோ இதைத் தலைகீழாக்குகிறது: அங்கே தந்தைக்குச் சொந்த மகன் ஏற்கெனவே இருக்கிறார், வாரிசு இல்லாத குறை அவருக்கு இல்லை, குறை முழுவதும் எடுக்கப்படுபவரிடமே இருக்கிறது. கிறிஸ்தவத் தத்துக்கு அளவுகோல் இதுவேயானால், காத்திருக்கும் குடும்பத்தின் ஏக்கம் எவ்வளவு உண்மையானதாயினும், அது தத்துக்குக் காரணமாகாது. பிள்ளையின் தேவைதான் காரணம்.

இவ்வளவு உயர்ந்த உருவகத்தைப் போற்றும் சமூகத்துக்கு இந்தியாவில் நெடுங்காலம் தத்துரிமையே இல்லாதிருந்தது. 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய சமயத்தாருக்கு மட்டும் உரியது. கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்தது 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பாளர் நிலை, பிள்ளை உரிய வயதை அடைந்ததும் முடிந்துபோவது, சொத்துரிமையைத் தராதது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 110-ஆம் விதி, குடிமைச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவரே பிள்ளை என்று சொல்லிவிடுவதால், நாட்டில் சட்டம் இல்லாதபோது திருச்சபையிலும் வழி தெளிவாக இல்லை. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் இந்தக் கதவைத் திறந்தன. எச்சமயத்தாரும் அச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

இன்று நடப்பில் உள்ள 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளையை ஒப்படைத்த தாய் தன் முடிவை மறுபரிசீலனை செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. அதன் பின்னரே குழந்தைகள் நலக் குழு அப்பிள்ளையைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்கலாம். அறிவித்து 60 நாளுக்குள் இந்தியக் குடும்பமோ வெளிநாடுவாழ் இந்தியக் குடும்பமோ அமையாவிட்டால்தான் வெளிநாட்டுத் தத்துக்கு வழி திறக்கிறது. ஊனமுற்ற பிள்ளைகள், உடன்பிறந்தோர், ஐந்து வயதைக் கடந்தோர் ஆகியோருக்கு அவ்வழியில் முன்னுரிமை தரலாம் என்று சட்டம் சொல்வதிலிருந்து, உள்நாட்டில் யாரை எவரும் கேட்பதில்லை என்பது விளங்கும்.

பதிவு செய்து, இல்ல ஆய்வு முடித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பம், அது கடல் கடந்து இருந்தாலும் இங்கேயே இருந்தாலும், இந்தத் தாமதத்தை விசுவாசச் சோதனை என்றும், பிள்ளை கிடைத்தபின் கடவுள் இதைத் தங்களுக்கென்றே வைத்திருந்தார் என்றும் சொல்வது வழக்கம். அந்த நன்றியுணர்வில் பொய் இல்லை. ஆனால் அச்சொல்லை இறுதிவரை கொண்டுசென்றால், ஓர் ஏழைத் தாயின் இயலாமையும் பெண்ணை வேண்டாத ஊரின் கொடுமையும் இன்னொரு வீட்டின் மகிழ்ச்சிக்காகக் கடவுள் வகுத்த திட்டம் என்றாகிவிடும். இறைப்பராமரிப்பு, அதாவது கடவுள் எல்லாவற்றையும் தம் நோக்கத்துக்கேற்ப நடத்துகிறார் என்னும் கோட்பாடு, அவ்வாறு சொல்லச் சொல்லவில்லை. தீமையைக் கடவுள் விரும்புவதில்லை, அனுமதிக்கிறார், அதிலிருந்து நன்மை விளைவிக்கிறார் என்றே 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் பகுத்துரைத்தார். தாயின் கண்ணீர் தீமையின் பக்கத்தில் நிற்கிறது. அதைத் திட்டத்தின் படிக்கட்டாக்குவது அவளுக்கும் கடவுளுக்கும் செய்யும் அநீதி.

எகிப்துப் பயணத்தையும் திரும்புதலையும் சொல்லும் மத்தேயு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், சூசையப்பருக்கு வரும் கட்டளையிலும் அவர் அதை நிறைவேற்றும் செயலிலும், நான்கு இடங்களிலும் பிள்ளையும் தாயும் சேர்த்தே குறிக்கப்படுகிறார்கள். வளர்ப்புத் தந்தைமையின் முதல் முன்மாதிரியில் தாய் மறைக்கப்படவில்லை. அவளை மறைத்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழகமே சான்று: 1990-களின் இறுதியில் சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் போலி ஆவணங்களோடு நெதர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குத் தத்தாக அனுப்பப்பட்டது 2005-இல் வெளிப்பட்டது. பல நாடுகளிலிருந்து நடந்த இத்தகைய முறைகேடுகளைக் கண்ட நெதர்லாந்து 2021-இல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது.

எனவே சட்டம் விதிக்கும் காத்திருப்பு, பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் செலுத்த வேண்டிய நீதியே தவிர, குடும்பத்தின் பொறுமைக்கு வைத்த தேர்வன்று. அறுபது நாளில் ஒரு தாய் மனம் மாறித் தன் பிள்ளையைத் திரும்பக் கேட்டால், அதுவும் கேட்கப்பட்ட மன்றாட்டே. பெரம்பலூர், அரியலூர்ப் பங்குகளில் தத்துக்காக நவநாள் வேண்டுவோர், பெண் பிள்ளை தொட்டிலுக்கு வராமலே தன் வீட்டில் வளரும்படியும் வேண்டட்டும். பிள்ளை வந்தபின், அதன் பிறப்பையும் ஒப்படைப்பையும் பற்றிய ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்தி, கேட்கும் வயதில் அதன் கையிலேயே கொடுக்கட்டும்; வேரைத் தேடும் உரிமையைத் தத்தெடுப்பு விதிகள் பிள்ளைக்குத் தந்திருக்கின்றன.