பற்று

எங்கள் வீட்டுக் கூடத்தில் கொள்ளுத்தாத்தா படம் மாட்டியிருக்கிறது. தலைப்பாகை, கோட்டு, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. கண்டிச்சீமைக்கு வெறுங்கையோடு போய், உழைத்துச் சம்பாதித்து, இந்த வீட்டைக் கட்டியவர் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டினார்கள். வம்சாவளியைப் புத்தகமாகப் போட்டு, குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்தன்று பங்காளிகளுக்குக் கொடுப்பதென்று முடிவானதும், அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பரணில் இருந்த தகரப்பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு அடியில் அந்த நோட்டு கிடந்தது. சிவப்புத்துணி அட்டை, மை பழுப்பேறியிருந்தது. விரோதிகிருது வருஷம் ஆவணி, அதாவது 1911. பக்கத்துக்கு ஒரு பெயர். தகப்பன் பெயர், ஊர். அதற்குக் கீழே முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி என்று வரிசையாகப் பற்று. வரவுப் பக்கம் அநேகமாகக் காலி.

கொள்ளுத்தாத்தா பெரிய கங்காணி. முசிறி, துறையூர், நாமக்கல் பக்கமெல்லாம் பஞ்சத்திலும் கடனிலும் கிடந்தவர்களிடம் முன்பணம் கொடுத்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டியவர்களில் ஒருவர். மலை ஏறும் முன்பே அந்தப் பணம் கடனாகிவிடும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. வேறு தோட்டம் போக வேண்டுமென்றால் துண்டு வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டும். கட்டிய தொகை மறுபடி அந்த ஆள் பெயரிலேயே ஏறும். 1921இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

ஒரு பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை. பாக்கி ரூபாய் 47. பெயர் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'காலம்' என்று ஒரே சொல். அடுத்த வரியில் அதே 47, அவர் பெண்சாதி பேருக்கு மாற்றப்பட்டிருந்தது. கையெழுத்து கொஞ்சமும் கலையவில்லை. எங்கள் தாத்தா பிறந்த நாழிகையைப் பஞ்சாங்க ஓரத்தில் குறித்து வைத்திருந்த அதே அழகான கையெழுத்து.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். 47 ரூபாய்க்காரரும் அந்தக் காலத்தில்தானே இருந்தார்? தோட்டம் கொடுத்த முன்பணத்துக்குக் கங்காணியும் கடன்பட்டவர்தான், அவர் கழுத்திலும் ஒரு கயிறு இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கயிற்றில் தொங்கியபடி அவர் காவிரிப் பாசனத்தில் எட்டு ஏக்கர் வாங்கியிருக்கிறார். அதில் இரண்டை விற்றுத்தான் அப்பா என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்.

அத்தைக்கு நோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "செத்துப்போனவரை எதுக்குப்பா இப்பக் கூண்டுல ஏத்துற? நாலு பேர் கும்பிடுற படம்" என்றார். அவரைத் தண்டிக்க எனக்கு ஆசையில்லை. நோட்டில் அறுபத்துமூன்று பெயர்கள் இருக்கின்றன; எங்கள் வம்சாவளியில் அதைவிடக் குறைவு. அந்தப் பெயர்களை விட்டுவிட்டு எழுதினால், மறைத்தவர்கள் பட்டியலில் என் பெயரும் சேர்ந்துவிடும். நோட்டைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதிவிட்டேன். கோயிலில் அதைக் கொடுக்க விடுவார்களா என்பது வேறு விஷயம்.

அந்த 47 ரூபாய்க்காரரின் ஊர், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். பெயரை இங்கே நான் எழுதவில்லை; அவர் வழிவந்தவர்களைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை கிடையாது. கேட்கத்தான் போனேன். காலனியில் இரண்டு தெரு விசாரித்ததும், தொண்ணூறை நெருங்கிய ஒரு பெரியம்மாவிடம் கொண்டுபோய் விட்டார்கள். பெயரைச் சொன்னதும், "எங்க அப்பாவோட பெரியப்பா. கண்டிக்குப் போனவங்க, புருஷனும் பொண்டாட்டியும் திரும்பவே இல்ல" என்றார்.

நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லிவிட்டு, நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை வாசித்தேன். கம்பளி வரை பொறுமையாகக் கேட்டார். 47 என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ கட்டி முடிச்சிட்டாளா தம்பி?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதல ஆயா."

பிடித்த கையை விடவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து படிக்கச் சொன்னார்.