எனதின்மையும் பிறர் உடைமையும்

கோட்டக்குப்பத்திற்கு மேற்கே, விழுப்புரத்தைக் கடந்து சென்றால் கீழ்வாலை என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பாறைகளிற் செங்காவி கொண்டு எழுதிய பண்டை ஓவியங்கள் காணப்படுகின்றன. எழுதினார் பெயர் அறியக்கூடவில்லை. நீலகிரியிலோ நிலை வேறு. கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பையில் வாழும் ஆலுக்குறும்பர், தேனெடுத்தலையும் தெய்வ வழிபாட்டையும் செம்மண், வேங்கைப்பிசின், இலைச்சாறு ஆகியவற்றால் இன்றும் எழுதுகின்றனர். அணித்தேயுள்ள எழுத்துப்பாறை ஓவியங்களைத் தம் முன்னோர் எழுதியனவென்றே கொள்கின்றனர். இங்ஙனம் மரபுவழி வந்த ஓவியத்தை உரியவரைக் கேளாமற் பிறர் எடுத்தாளலாமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

"யான், எனது என்னும் பற்றன்றோ பாசம்? முன்னோர் பொருளை எமதென்று மறுத்தலும் அப்பற்றே; ஆதலின் யாவரும் எடுத்துக்கொள்ளலாம்" என்பார் உளர். அது பொருந்தாது. என்னை? ஆஸ்திரேலியப் பழங்குடியினருள் டேவிட் மலாங்கி என்பார், முன்னோனாகிய வேட்டுவன் ஒருவனது ஈமச்சடங்கை மரப்பட்டையில் எழுதினார். 1966-இல் அந்நாட்டார் வெளியிட்ட ஒரு டாலர் நோட்டில் அவ்வோவியம், அவரைக் கேளாமலே, இடம்பெற்றது. எழுதினவர் பெயரில்லாதார், என்றோ இறந்தார் என அதிகாரிகள் கருதிவிட்டனர். அவரோ உயிரோடிருந்தார்! 1967-இல் பதக்கமும் பொருளும் அளித்துக் குறையை ஒருவாறு நீக்கினர். பின்னர், பழங்குடியினர் ஓவியங்களை இசைவின்றிக் கம்பளங்களில் நெய்வித்து விற்றாரை 1994-இல் அந்நாட்டு நீதிமன்றம் குற்றமுடையாரெனத் தீர்த்தது. தெய்வக்கதை கூறும் ஓவியம் காலால் மிதிபடும் விரிப்பாயிற்று. அதனை எழுதிய பண்டுக் மரிக்கா என்னும் அம்மையார் பொருளிழப்பினும் பெரிதாக அஞ்சியது, தம் குலத்தாருக்கு விடைகூற வேண்டுமே என்பதாம்.

இதனால் அறியப்படுவது யாது? அவர் அதனைத் தமக்கென உடையவர் அல்லர், காவல் பூண்டவர். குரு உபதேசித்த பொருளை மாணாக்கன் தன்னதென்னான். ஆயினும் தகுதி நோக்காது வழங்கவும் ஒருப்படான். அது பற்றன்று, கடமை.

எனதென்பதை விடுதல் அவனவன் தன்மாட்டுச் செய்துகொள்ளும் துறவு. பிறனை "விடு" என்று கூறி, அவன் விட்டதைத் தான் கைக்கொள்வது துறவாகாது, களவே ஆம். எல்லாம் இறைவன் உடைமை என்று தெளிந்தவன், பிறனிடத்து அவன் வைத்த அடைக்கலத்தின்மேற் கைவையான். குறும்பரது ஓவியத்தை விரும்புவார், எழுதினவரை வினவி, பெயர் கூறி, உரிய பொருள் ஈந்து கொள்க. கீழ்வாலையில் வினவுதற்கு ஒருவரும் இலர். ஆண்டுச் செய்யத்தக்கது, அப்பாறையைச் சிதையாது காத்தலே.