அசையாத முகம்

உள்ளம் பொங்கும்போது முகமும் உடலும் சேர்ந்து பொங்கத்தான் வேண்டுமா? அடங்கி நிற்பவரை உணர்ச்சியற்றவர் என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். அத்தீர்ப்புச் சரிதானா என்று எண்ணிப் பார்க்க ஓர் இசை நிகழ்ச்சி நமக்கு உதவும்.

கீவ் நகரில் பயின்ற பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1925இல் சோவியத் நாட்டைவிட்டு வெளியேறினார். 1986 ஏப்ரல் 20 அன்று, தம் 82ஆம் வயதில், மாஸ்கோ இசைக் கல்லூரியின் பேரரங்கில் வாசித்தார். அறுபது ஆண்டுப் பிரிவின் பாரம் அந்த நெஞ்சில் இருந்திருக்கும். ஆயினும் அன்றைய ஒளிப்பதிவில் நாம் காண்பது, ஏறக்குறைய அசையாத உடலையும், அமைதியான முகத்தையும், விசைகளின்மேல் தட்டையாக நீண்ட விரல்களையுமே. நிறைவுப் பகுதியில், ஷூமன் 1838இல் இயற்றிய 'டிராய்மெரை' என்னும் சிறு இசைப்பகுதியை வாசிக்கிறார். கனவில் ஆழ்தல் என்பது அதன் பொருள். அரங்கில் இருந்த ஒருவரின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. வாசித்தவர் அழவில்லை, கேட்டவர் அழுதார்.

பியானோவின் அமைப்பே இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. விசையை அழுத்தினால், உள்ளிருக்கும் சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடும். அதன்பின் விரலை நடுக்கினாலும் கையை உயர வீசினாலும் அந்த ஒலி வளராது. அந்த அசைவு கண்ணுக்கு மட்டுமே உரியது.

அப்படியானால் ஆடி அசைந்து வாசிப்போர் யாவரும் பொய்யரா? அல்லர். தம் மேடைத் தோற்றத்தாலும் ஐரோப்பாவை மயக்கிய ஃபிரான்ஸ் லிஸ்ட், புகழின் உச்சியில், 1847இல் இசைப் பயணங்களை நிறுத்தினார்; 1865இல் திருச்சபையின் சிறு பட்டங்களைப் பெற்றார். உடலசைவைக் கொண்டு உள்ளத்தை அளக்க நமக்கு உரிமையில்லை. ஹோரோவிட்சும் கைதட்டலை வெறுத்த துறவியல்லர். அடக்கமும்கூட ஓர் அலங்காரமாகிவிடலாம். தன் அமைதியைப் பிறர் காண வேண்டுமென்று விரும்பும் அமைதி, ஆரவாரத்தின் மறுவடிவமே.

ஆகவே, யாருக்காக என்பதே கேள்வி. செய்பவர் தம் உணர்ச்சியைத் தாமே செலவழித்துத் தீர்த்துவிட்டால், கேட்பவருக்கு எஞ்சுவது வேடிக்கை பார்த்தலே. அவர் சற்று விலகி இடம்விட்டால், கேட்பவரின் துயரமும் ஏக்கமும் அந்த இசைக்குள் நுழைய வழி பிறக்கிறது.

திருப்பலியில் வாசகம் வாசிக்கும்போதும், பாடகர் குழுவில் நின்று பாடும்போதும் இது நமக்கும் பொருந்தும். துக்க வீட்டில் இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே நம் அழுகை ஓங்கினால், இழப்புக்கு ஆளானவரே நமக்கு ஆறுதல் சொல்ல நேரிடும். மனிதர் காணவேண்டுமென்று தெருமுனையில் நின்று வேண்டாமல், கதவை அடைத்துக்கொண்டு மறைவில் வேண்டுமாறு நம் ஆண்டவர் கற்பித்தார். அந்த அறைக்குள் நாம் கண்ணீரைக் கொட்டி முடித்திருந்தால், பிறர் நடுவே நம் குரல் தானாகவே தணியும். அருகில் இருப்பவர் அழுவதற்கும், இறைவனைக் கேட்பதற்கும் இடம் கிடைக்கும்.