கட்டைவிரலும் குருபக்தியும்

ஏகலைவன் கதையைக் குருபக்திக்கு எடுத்துக்காட்டாகவே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். கேட்டவுடன் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தவன் உயர்ந்த சீடன்தான். கேட்ட குரு துரோணரை என்ன சொல்வது? இந்தியாவில் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் வழங்கப்படும் விருது அந்தத் துரோணரின் பெயரிலேயே இருக்கிறது. சீடனின் பணிவைப் புகழ்வதோடு நின்றுவிடும் அறம் பாதி அறம். குரு எதைக் கேட்கக்கூடாது என்பதையும் அது சொல்லியாக வேண்டும். பிரிட்டன் இதைப் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி பற்றி விசாரித்த வழக்கறிஞர் ஆன் வைட்டிடம் 400க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களைத் தெரிவித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் மனத்தை நோகடித்த கொடுமை. 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் உடலை வதைத்த கொடுமை. தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் விடவில்லை, காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தார்கள் என்றெல்லாம் 2022 ஜூனில் வெளியான அவரது அறிக்கை விவரிக்கிறது. இவை நடந்தது இருட்டறையில் அல்ல, பெற்றோர் கட்டணம் கட்டி அனுப்பிய கூடங்களில்.

கண்டிப்பு இல்லாமல் பதக்கம் ஏது என்று கேட்பார்கள். வலியின்றி எந்த வித்தையும் வராது, உண்மை. தானே விரும்பி ஏற்கும் வலியைத் தவம் என்கிறோம். வேண்டாம் என்றால் எழுந்து போய்விட முடியும் என்பதால்தான் அது தவம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வழி ஏது? சேர்த்துவிட்டது பெற்றோர், அணியில் வைப்பதும் நீக்குவதும் பயிற்சியாளர். முடியாது என்று சொல்ல வழியில்லாத குழந்தை தலையாட்டுவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. பத்து வயதுக்குட்பட்டவர்களை எடை பார்க்கவே கூடாது என்று பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு பின்னர் விதித்த தடை இதை உணர்ந்ததன் விளைவு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எல்லாப் பயிற்சியாளரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் குருவுக்கும் சீடனுக்கும் இடையிலுள்ள பாசமே வற்றிவிடாதா? கோயில் உண்டியலை ஊரார் முன்னிலையில்தான் எண்ணுகிறோம். நேர்மையான தர்மகர்த்தா அதை அவமானமாக நினைப்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான விதி எவரையும் சந்தேகிப்பதாகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஜூன் இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், தம் பொறுப்பிலுள்ள 16, 17 வயதினரோடு பாலுறவு கொள்வதை விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் மதபோதகருக்கும் சேர்த்தே குற்றமாக்கியது. பள்ளி ஆசிரியர்களுக்கு முன்பே இருந்த தடைதான் இது. மைதானத்தையும் வழிபாட்டிடத்தையும் ஒரே பிரிவில் வைத்தது சரியென்றே எனக்குப் படுகிறது. இரண்டு இடத்திலும் பிள்ளை நம்பித்தான் பணிகிறது. கெட்டவர் கையில் கருவியாவதும் அந்த நம்பிக்கைதான்.

லண்டனில் நம்மவர்கள் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை நீச்சலுக்கும் கிரிக்கெட்டுக்கும் கொண்டுபோய் விடும்போது, சேர் சொன்னபடி கேள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். பயிற்சியாளரிடம் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனைச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடுகிறார்கள். அது ஏற்கெனவே பதிவானதைத்தான் காட்டும். இதுவரை எவரும் முறையிடாதவரைக் காட்டாது. ஆகவே கழகத்தில் பிள்ளைகள் நலனுக்குப் பொறுப்பானவர் யார், பயிற்சியைப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று முதல் நாளே கேட்க வேண்டும். அந்தப் பொறுப்பாளரின் பெயர் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.