சட்டம் இருக்கு, பாட்டி!

போன மாதம் தெம்பனிஸில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டிப் போனேன். முன்னால் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. பெல் அடித்தேன். பதறிப்போய்ப் புல்தரையில் இறங்கியவரின் பையிலிருந்து தக்காளி உருண்டது.

“மெதுவா வரக்கூடாதாப்பா?” என்றார்.

“இங்க ஓட்டலாம் பாட்டி, சட்டம் இருக்கு” என்றேன். அன்று இரவு முழுக்க அந்தப் பதில்தான் என்னை உறுத்தியது.

சட்டம் இருப்பது உண்மைதான். சிங்கப்பூரில் விரைவுச்சாலை தவிர மற்ற பெரும்பாலான சாலைகளில் சைக்கிள் ஓட்டலாம். நடைபாதையிலும் ஓட்டலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்குள். பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்தால், 2025 ஜூலை 1 முதல் அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே.

அப்போ எங்கேதான் ஓட்டுவது? சாலையில் லாரி உரசுவதுபோல் போனால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அதனால்தான் நடைபாதையில் ஏறினேன். ஏறியதும் பாட்டிக்கு நானே லாரி ஆகிவிட்டேன். என் பயம் குறையவில்லை நண்பர்களே, பாட்டி தலைக்கு மாறியது, அவ்வளவுதான்.

10 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு. தடுமாறி நடப்பவருக்கு அதுவே வேகம். அதை அளக்க வேண்டியது நம்ம மனசு.

இப்போது முதியவரோ குழந்தையோ எதிர்ப்பட்டால், இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். அவசரம் என்றால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சாலையில் போகிறேன். பயமாத்தான் இருக்கு. ஆனால் அது என் பயம், நானே சுமக்கிறேன்.

நீங்க என்ன செய்வீங்க?