வரி மேலே, பழி கீழே

விசாரணை நடந்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? சாமி கும்பிடாதவர்கள்கூட நம் நாட்டில் விசாரணைக் கமிஷனைக் கும்பிடுகிறார்கள். கமிஷன் போட்டாயிற்று என்ற செய்தி வந்ததுமே பாதி நீதி கிடைத்துவிட்டது போல மனசு ஆறிவிடுகிறது. காரண காரியம் பார்க்கிறவர் அங்கே நின்றுவிடலாமா? எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தது யார் என்றல்லவா பார்க்க வேண்டும்!

சென்னை ராஜதானியில் 1854-55இல் நடந்த சித்திரவதை விசாரணையைப் பாருங்கள்.

அப்போது நடந்தது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. ரயத்துவாரி முறையில் குடியானவர் சர்க்காருக்கு நேரடியாகக் கிஸ்தி கட்ட வேண்டும். விளைச்சல் கெட்டால் தள்ளுபடி உண்டு என்று ஏடு சொல்லும். அந்த ஏட்டை எழுதுகிறவர் கர்ணம், அதற்கு மேலே தாசில்தார். 1816ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தாசில்தார் கையில் வரி வசூலும் இருந்தது, போலீஸ் அதிகாரமும் இருந்தது. கிஸ்திக்காக அடிபட்டவர் புகார் சொல்ல வேண்டுமென்றால் அடிக்கச் சொன்னவரிடமே போய் நிற்க வேண்டும்.

அடி என்றால் வெறும் அடியா? கிட்டி என்று ஒரு கருவி. இரண்டு கட்டைகளின் ஒரு முனையைச் சேர்த்துக் கட்டி, நடுவே விரலையோ தொடையையோ காதையோ வைத்து மறுமுனையை அழுத்துவார்கள். பணம் வரும் வரை அழுத்துவார்கள். இன்னொன்று, ஆளைக் குனிய வைத்துத் தலையைக் கால்விரலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லை ஏற்றுவார்கள்; சில நேரம் சேவகனே ஏறி உட்காருவான்.

1852இல் சென்னையில் சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கிய கஜுல லட்சுமிநரசு செட்டி இந்தக் கொடுமைகளை லண்டன் வரை கொண்டுபோனார். 1853இல் வந்த பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமரை ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்டினார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னை ராஜதானியின் நில முறை பற்றி விவாதம் எழுந்தது. சீமர் சித்திரவதையைச் சொன்னார். இந்தியாவில் வேலை பார்த்தவர்களே எழுந்து, அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பாராளுமன்றம் கம்பெனியைப் பார்த்தது. கம்பெனி டைரக்டர்கள் சென்னை அரசைப் பார்த்தார்கள். சென்னை அரசு மூன்று பேர் கொண்ட கமிஷனை அமைத்தது. எந்த அரசின் வசூல்மேல் குற்றச்சாட்டு வந்ததோ, அந்த அரசே நீதி விசாரிக்க ஆள் போட்டது. விவாதம் தொடங்கியது நிலத்திலும் வரியிலும். கமிஷன் கைக்கு வந்தது சித்திரவதை உண்டா இல்லையா என்பது. சித்திரவதை செய்தால்தான் வசூலாகும் என்கிற அளவுக்கு வரியை வைத்தது யார் என்ற கேள்வி வழியிலேயே காணாமல் போய்விட்டது.

கமிஷனர்கள் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். நார்ட்டன் சென்னை நிர்வாகத்தைக் கண்டித்து அதே ஆண்டில் புத்தகம் போட்ட வக்கீல், தலையாட்டி அல்ல. நேரிலும் கடிதத்திலுமாக 1,959 புகார்கள் வந்தன. முந்நூறு மைல் தாண்டி வந்தவர்களும் உண்டு. ரயில் இல்லாத காலம் அது. கூலியையும் கஞ்சியையும் விட்டுவிட்டு, திரும்பிப் போனால் அதே தாசில்தார் இருப்பார் என்று தெரிந்தும் வந்தார்கள்.

1855இல் அறிக்கை வந்தது. சித்திரவதை உண்மை, பரவலாக நடக்கிறது என்று அது ஒத்துக்கொண்டது. கூடவே இன்னொன்றும் சொன்னது: ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, ஜனங்கள் காப்பாற்றச் சொல்வது தங்கள் இனத்துக் கீழ் அதிகாரிகளிடமிருந்துதான்.

அறிவைக் கொஞ்சம் செலவழித்துப் பாருங்கள். ஒவ்வொரு தவணையும் கலெக்டர் கஜானாவுக்குப் பணம் வந்து சேர்கிறது. எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும் என்றால் அவர் குற்றவாளி. தெரியாது என்றால் எதற்குச் சம்பளம்? வரி மேலே ஏறும்போது தாசில்தாரும் கலெக்டரும் கவர்னரும் டைரக்டர்களும் ஒரே சங்கிலி. பழி வரும்போது மட்டும் சங்கிலி தாசில்தாரோடு அறுந்துபோகிறது.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். கிட்டியை அழுத்திய கை நம்முடையது. ஊர்ப் பதவியும் சாதித் திமிரும் சேர்ந்த கை அது. அழுத்தச் சொன்னவன் அந்நியன் என்பதால் அழுத்தியவன் அப்பாவி ஆகிவிட மாட்டான். நம் ஆள் என்று மூடி மறைப்பதும், கீழ் ஆள் என்று தலையில் கட்டுவதும் ஒரே பொய்யின் இரண்டு பக்கங்கள்.

பயனே இல்லையா என்றால், உண்டு. 1859இல் போலீஸ் தனித் துறையானது. தாசில்தாரின் கையில் ஒரு கோல் குறைந்தது. ஆனால் மேலிடம் மேலிடத்தை விசாரிக்கும் பழக்கம் போகவில்லை. 1900இல் ரொமேஷ் சந்திர தத் நிலவரிச் சுமையையும் பஞ்சத்தையும் பற்றி வைஸ்ராய் கர்சனுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். கர்சன் அவற்றை மாகாண அரசுகளுக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். வரி போட்டவர்களிடம் கேட்டால் வரி கூடுதல் என்றா சொல்வார்கள்? 1902இல் வெளியான அரசுத் தீர்மானம் பஞ்சத்துக்கு மழையைக் காரணம் காட்டி, நிலவரியைப் பழியிலிருந்து விடுவித்தது. படிக்காத குடியானவர் தலைவிதி என்று சொன்னால் மூடநம்பிக்கை. படித்த சர்க்கார் வானத்தைக் காட்டினால் அது ராஜாங்க ஆவணம்!

அரசுக்கும் அரசுக்கும் நடக்கும் சண்டையைப் பார்த்து, நமக்காகத்தான் சண்டை போடுகிறார்கள் என்று நம்புவதும் மூடநம்பிக்கைதான். லண்டனும் சென்னையும் தர்க்கம் செய்தது யார் பதில் சொல்வது என்பதைப் பற்றி. வாங்கிய பணத்தை யாரும் திருப்பித் தருவதாகப் பேச்சே எழவில்லை.

அதனால் இனி எந்தக் கமிஷன் வந்தாலும் கைதட்டுவதற்கு முன்பு கேளுங்கள்: இதை அமைத்தவர் யார்? கேட்க வேண்டாம் என்று விலக்கிய கேள்வி எது? குற்றத்தால் லாபம் அடைந்தவர் கூண்டில் இருக்கிறாரா, மேடையில் இருக்கிறாரா? மேடையில் இருக்கிறார் என்றால் நடப்பது விசாரணை அல்ல, விடுதலை.