எது முதலில் வளைய வேண்டும்

இரும்புத் தகட்டின் எடை அறியத் தராசு வேண்டாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மில்லி கனம் என்றால் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு மில்லித் தகடு 47 கிலோ. பம்பர் செய்ய வருகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வருவதில்லை. "இன்னும் கனமா போடுங்க மாஸ்டர்" என்றுதான் பேச்சே தொடங்குகிறது.

*

ஆரணியில் தறிச் சத்தம் ஓய்கிற இடத்தில் கிரைண்டர் சத்தம் ஆரம்பிக்கும். பட்டறையில் நிற்பது, சவ்வாது மலையிலிருந்து சாமை மூட்டை இறக்கிவரும் பழைய மகிந்திரா ஜீப். அதற்குப் பம்பராக 100-க்கு 50 மில்லி சேனல். மாஸ்டர் இரு முனைகளின் அடிப்பக்கத்தையும் சரித்து வெட்டுகிறார். மேடேறும்போது முதலில் மண்ணைத் தொட வேண்டியது டயர். பம்பர் முந்திக்கொண்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

வெல்டிங்கை ஒரே மூச்சில் ஓட்டமாட்டார். இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு. சூட்டில் விரிந்த இரும்பு ஆறும்போது சுருங்கி, சேனலையே கோணலாக இழுத்துவிடும். கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, கண்ணை ஒட்ட வைத்துப் பார்க்கிறார். ஊசிமுனை அளவு துளை தெரிந்தாலும் அரைத்தெடுத்துவிட்டு மறுபடி ராடு பிடிக்கிறார். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைத் திரித்துப் பிணைப்பவரின் பொறுமை. ஊர் வாகு போலிருக்கிறது.

செஸியில் மட்டும் ராடு படவிடுவதில்லை. அங்கே போல்ட்தான்.

*

எது முதலில் வளைய வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி முட்டி நிற்கும்போது முன்பகுதி அரை மீட்டர் நசுங்கினால், உள்ளே இருப்பவர் உடலில் இறங்கும் விசை அவர் எடையைப்போலச் சுமார் 12.5 மடங்கு. அதிகம் நசுங்காமல் பத்து சென்டிமீட்டரில் நின்றால் 60 மடங்குக்கு மேல். பம்பரைத் தாண்டிய அடி செஸிக்குப் போகிறது, செஸியைத் தாண்டியது ஆளுக்கு. ஆக, நம்முடைய கனத் தகடு அடியை வாங்குவதில்லை, உள்ளே அனுப்பிவைக்கிறது. பென்ஸ் கம்பெனியின் பேலா பரேனி இதைப் புரிந்துகொண்டு, நசுங்குவதற்கென்றே முன்பகுதியை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றது 1950-களின் தொடக்கத்தில். நாம் இன்னமும் 'நசுங்காத வண்டி' தேடுகிறோம்.

*

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது: கிராஷ் கார்டு, புல் பார் என்று முன்னால் கம்பி மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள். பட்டறைக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கடிதம் சரியாகவே படுகிறது. சேலைக் கட்டோடு பஜாரில் மொபெட் ஓட்டிப்போகும் நெசவாளியின் முழங்கால், சரியாக அந்தக் கம்பியின் உயரத்தில் இருக்கிறது. இந்த ஜீப் கம்பெனியிலிருந்தே சேனல் பம்பரோடு வந்தது, அதே அளவில்தான் புதிதும். அதற்குமேல் ஒரு கம்பி வைக்க மாஸ்டர் சம்மதிக்கவில்லை.

போன வாரம் புது வண்டியோடு ஒரு பையன் வந்தான். ஆறு மில்லியில் வேண்டுமாம்.

"இதுல ஏர்பேக் இருக்குது தம்பி. முன்னாடி இரும்பை வெச்சுட்டா அது எப்ப வெடிக்கணுமோ அப்ப வெடிக்காது. வாணாம்."

"அப்போ மலைக்குப் போறப்ப?"

"மலையில நீ எதையும் முட்டப்போறதில்ல. சேத்துல மாட்டுவ. கொக்கிதான் வேணும்."

கொக்கி செஸியோடு போல்ட்டில் நிற்க வேண்டும், பம்பர் முகத்தில் வெல்டு வைத்ததாக இருக்கக் கூடாது என்று காட்டினார். இழுக்கும்போது விண்ணென்று இறுகிய சங்கிலியின் நேரே யாரும் நிற்காதீர்கள், பிய்ந்தால் கொக்கி குண்டாகப் பறக்கும் என்றும் சொன்னார். பையனுக்கு இது ரசிக்கவில்லை. கம்பி மாட்டித்தரும் வேறு பட்டறை எங்கே என்று கேட்டுக்கொண்டே போனான்.